பழவேற்காட்டு நண்டுக்கு வருமான வரி உண்டா?

வெயில் ஏறுவதற்குள் பழவேற்காட்டில் பாதி வியாபாரம் முடிந்துவிடும். படகு கரை தட்டும். அன்னக்கூடைகள் இறங்கும். இறால் ஒரு பக்கம், மடவை ஒரு பக்கம், நண்டு ஒரு பக்கம் என்று பிரித்துக் கூறு கட்டுவார்கள். ஏலக்காரர் குரல் கொடுப்பார், விலை ஏறும், கூறு போகும், நோட்டு கைமாறும். இந்த வரிசையில் ரசீது என்ற ஒன்று எங்கேயும் கிடையாது. ஈரக் கையில் ரசீதை யார் வாங்குவது, எங்கே வைப்பது?

அந்தக் கூட்டத்தில் நண்டு வாங்கும் ஒரு அக்காவைக் கற்பனை செய்துகொள்வோம். ஏரியில் பிடித்த உயிர் நண்டை ஏலத்தில் எடுத்து, கால் கட்டி, கூடையில் அடுக்கிச் சென்னை நண்டு கம்பெனிக்கு அனுப்புகிறார். கம்பெனி பணமாகக் கொடுக்கிறது. அதை அப்படியே சேமிப்புக் கணக்கில் போடுகிறார், மறுநாள் ஏலத்துக்கு எடுக்கிறார். ஒரு நாள் போனில் ஒரு செய்தி வருகிறது. தங்கை மகன் படித்துச் சொல்கிறான்: ஒரு வருஷத்தில் உங்கள் கணக்கில் 31 லட்சம் ரொக்கமாகப் போடப்பட்டிருக்கிறது, விளக்கம் தரவும், இப்படிக்கு வருமான வரித்துறை.

“இன்னாடா இது, முப்பத்தோரு லட்சம் நான் சம்பாரிச்சனா? கூரை மாத்தவே காசு இல்ல!”

அக்கா சொல்வது உண்மை. துறை கேட்பதும் நியாயம். இரண்டுக்கும் நடுவில் விடுபட்டிருப்பது ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு படிவமும்தான். அவை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

வரி என்ற சொல் இந்தக் கரைக்குப் புதிதல்ல. குப்பங்களில் வரி என்றால் முதலில் நினைவுக்கு வருவது தலைக்கட்டு வரி. கல்யாணமான ஆண் ஒருவர், ஒரு தலைக்கட்டு. திருவிழாவானாலும் வழக்கானாலும் ஊர்ப் பஞ்சாயத்து சொல்லும் தொகையைத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கட்டுவார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஊர்களில் ஏரியின் இறால் பாடுகளைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ முறையும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. யார் கட்டினார், யார் கட்டவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆக, கணக்கு வைக்கத் தெரியாத சமூகம் என்று யாரும் இவர்களைச் சொல்லிவிட முடியாது. டில்லிக்குப் புரிகிற மாதிரி கணக்கு வைக்கவில்லை, அவ்வளவுதான். (கணக்கு என்றால், 1613-இல் இங்கே கோட்டை கட்டிய டச்சுக் கம்பெனியின் பேரேடுகள் இன்னும் நெதர்லாந்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழவேற்காட்டுக் கணக்கு அங்கே பத்திரமாக இருக்கிறது!)

விவசாயிக்கு இல்லை, மீனவருக்கு?

முதலில் எல்லோரும் கேட்பது இது: “விவசாயிக்கு வரி கிடையாது. நாமும் இயற்கையிடமிருந்து எடுப்பவர்கள்தானே? நமக்கு மட்டும் ஏன்?”

விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது என்பது சரி. ஆனால், சட்டத்தில் விவசாய வருமானம் என்றால் நிலத்திலிருந்து வருவது. நிலம் வேண்டும், அதில் வேளாண்மை நடக்க வேண்டும். ஏரியிலும் கடலிலும் வலை போட்டுப் பிடிப்பது அந்த வரையறைக்குள் வராது. அது தொழில் வருமானம். கிசான் கிரெடிட் கார்டை 2018-19-இல் மீனவர்களுக்கும் நீட்டித்தார்கள். கடன் கொடுக்கும்போது கிசான், வரி கேட்கும்போது வியாபாரி. இந்த முரண் மீனவர்களுக்கு உறுத்தத்தான் செய்யும், அதில் தப்பில்லை. ஆனாலும் இன்றைய சட்டம் இதுதான்.

சரி, அப்படியானால் வரி கட்ட வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம் என்பதுதான் நல்ல செய்தி. எப்படி என்று அக்காவின் கணக்கிலேயே பார்ப்போம்.

சிறு வியாபாரிகளுக்காக வருமான வரிச் சட்டத்தில் 44ஏடி என்று ஒரு பிரிவு இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் புதிய சட்டத்தில் அதன் எண் 58. எண் மாறினாலும் விஷயம் அதேதான். ஆண்டு விற்பனை 2 கோடிக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் 3 கோடி வரை) முழுக் கணக்குப் புத்தகம் வேண்டாம், ஆடிட்டும் வேண்டாம். விற்பனையில் ரொக்கமாக வந்த தொகைக்கு 8 சதவீதம், பேங்க் வழியாகவோ யுபிஐ வழியாகவோ வந்த தொகைக்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள். உண்மை லாபம் அதைவிட அதிகம் என்றால் அதிகத்தைத்தான் காட்ட வேண்டும். அது நேர்மைக்கு விட்ட இடம். இதில் ஒருமுறை நுழைந்துவிட்டு, ஐந்து வருஷத்துக்குள் வெளியே போனால் அடுத்த ஐந்து வருஷம் திரும்பி வர முடியாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

அக்காவின் ஆண்டு விற்பனை 34 லட்சம் என்று வைப்போம். எல்லாமே ரொக்கம். 8 சதவீதம் என்றால் 2,72,000 ரூபாய். அதே 34 லட்சமும் பேங்க் வழியாக வந்திருந்தால் 6 சதவீதம், 2,04,000. 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. அக்காவுக்கு வரி பூஜ்யம்.

இன்னும் பெரிய கை என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 லட்சத்துக்கு விற்பவர். 8 சதவீதம் 6,40,000. 4 லட்சத்தைத் தாண்டிவிட்டார். ஆனால் மொத்த வருமானம் 12 லட்சம் வரை இருப்பவருக்கு வரியைத் தள்ளுபடி செய்யும் விதி இருப்பதால் அவருக்கும் வரி பூஜ்யம்தான்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். “12 லட்சம் வரைக்கும் வரி இல்லையாமே” என்று டீக்கடையில் கேட்டுவிட்டு, படிவமே போடாமல் விட்டுவிடுகிறார்கள். வரி இல்லை என்பது வேறு, கணக்குத் தாக்கல் வேண்டாம் என்பது வேறு. 4 லட்சத்தைத் தாண்டினாலே தாக்கல் கட்டாயம். அதைச் செய்தால்தான் அந்தத் தள்ளுபடியே கிடைக்கும். வருமானம் 4 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும், ஆண்டு விற்பனை 60 லட்சத்தைத் தாண்டினாலோ, சேமிப்புக் கணக்குகளில் 50 லட்சமோ அதற்கு மேலோ போட்டிருந்தாலோ அப்போதும் கட்டாயம். 44ஏடி முறைக்கு உரிய படிவம் ஐடிஆர்-4. இணையத்தில் இலவசமாகவே போடலாம்.

ஏரியில் சொந்தக் கையால் பிடிக்கிறவர் கதை கொஞ்சம் வேறு. அவர் சரக்கு வாங்கி விற்பதில்லை. செலவு என்றால் வலை, படகுப் பராமரிப்பு, கொஞ்சம் டீசல். ஆகவே அவருடைய உண்மை லாபம் 8 சதவீதத்தைவிட நிச்சயம் அதிகமாக இருக்கும். ஆனால் வருஷம் முழுக்க வந்த மொத்த வரவே 4 லட்சத்துக்குள் என்றால் அவர் எதற்கும் கவலைப்பட வேண்டியதில்லை.

துறைக்கு எப்படித் தெரிந்தது?

யாரும் போட்டுக்கொடுக்கவில்லை. சேமிப்புக் கணக்குகளில் ஒரு நிதியாண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் போட்டால் பேங்க் அதை வரித்துறைக்குச் சொல்லியாக வேண்டும். நடப்புக் கணக்கு என்றால் அந்த எல்லை 50 லட்சம். வியாபாரப் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டதுதான் அக்கா செய்த முதல் தவறு. ஒரு நடப்புக் கணக்கு ஆரம்பித்திருந்தால் 31 லட்சத்துக்கு இந்த மணி அடித்தே இருக்காது. அடித்திருந்தாலும், வியாபாரப் பணம் என்பது கணக்கின் பெயரிலேயே தெரிந்திருக்கும்.

“அப்படியானால் ஜிபேயை விட்டுவிட்டு ரொக்கத்துக்கே போய்விடலாமா?” என்று சிலர் யோசிப்பார்கள். கர்நாடகத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2025 ஜூலையில் அந்த மாநில வணிக வரித்துறை, 2021-22 முதல் 2024-25 வரை யுபிஐயில் வந்த வரவைக் கணக்கெடுத்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு நான்கு வருஷத்தில் 1.63 கோடி வந்திருக்கிறது என்று 29 லட்சம் கேட்டு நோட்டீஸ் போனது. பெங்களூரு கடைகளில் ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று அட்டை தொங்கியது. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது என்பது அப்புறம் பேசப்பட்டது. கடைசியில் மாநில அரசு பழைய பாக்கிகளைக் கேட்கப்போவதில்லை என்று அறிவித்தது.

மீன்காரர்களுக்கு இந்தக் கதையில் பாடம் இருக்கிறது. பச்சை மீன், இறால், நண்டு எல்லாம் காய்கறி மாதிரிதான். உயிருடனோ ஐஸிலோ விற்றால் ஜிஎஸ்டி பூஜ்யம். கருவாட்டையும் சில்லறையாக, பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டாமல் விற்றால் வரி இல்லை. பாக்கெட்டும் லேபிளும் வந்தால் 5 சதவீதம் வந்துவிடும். வரியில்லாத சரக்கை மட்டும் விற்கிறவர் எவ்வளவு விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை. ஆனால் மீனோடு சேர்த்து வலை, கயிறு என்று வரியுள்ள பொருளையும் விற்கிறவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அப்போது மீன் விற்ற தொகையும் சேர்ந்தே 40 லட்ச எல்லைக்குள் எண்ணப்படும்.

யுபிஐயை விட்டு ஓடுவதில் லாபம் இல்லை என்பதற்கு இன்னொரு காரணம் மேலே சொன்ன 6-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம். பேங்க் வழியாக வந்த பணத்துக்கு அரசே குறைந்த லாபத்தை ஒப்புக்கொள்கிறது.

ஒரு போன், ஐந்து பங்கு

பழவேற்காட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஐந்து பேர் ஒரு படகில் போகிறார்கள். சரக்கு விற்ற காசு முழுவதும் ஒருவருடைய ஜிபே எண்ணுக்கு வருகிறது. பல நேரம் அவர் மனைவியின் எண்ணுக்கு. வீட்டில் நல்ல போன் அவரிடம் இருக்கும், அல்லது மகளிர் குழுவுக்காக ஆரம்பித்த கணக்கு அவர் பெயரில் இருக்கும். டீசல், ஐஸ் செலவு கழித்து, படகுப் பங்கு, வலைப் பங்கு, ஆள் பங்கு என்று கரையிலேயே பிரித்துவிடுவார்கள். பிரிப்பதில் ஒரு ரூபாய் தப்பாது. ஆனால் பேங்க் கணக்கைப் பார்த்தால் வருஷத்தில் 25 லட்சம் வந்தது முழுவதும் அந்த அம்மாவின் வருமானம் மாதிரி நிற்கும்.

அவரிடம் கேள்வி வரும்போது, “அது என் காசு இல்லைங்க, அஞ்சு பேர் காசு” என்று சொன்னால் போதாது. காட்ட வேண்டும். அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தேதி, சரக்கு விற்ற தொகை, செலவு, யார் யாருக்கு எவ்வளவு, எதிரே கையெழுத்தோ கைநாட்டோ. பங்கையும் ஜிபேயிலேயே அனுப்பிவிட்டால் நோட்டுகூட இரண்டாம் பட்சம்தான், பேங்க்கே சாட்சி சொல்லும்.

ஏலக்காரரும் 2008 சுற்றறிக்கையும்

ஏலக்காரர் நிலைமை இன்னும் நுட்பமானது. நாள் முழுக்க அவர் கையில் லட்சக்கணக்கில் புரளும். அதில் அவருடையது கமிஷன் மட்டும். மீதி படகுக்காரர்களுடையது. ஆகவே அவருடைய வரவு என்பது கமிஷன்தான், விற்ற மொத்தத் தொகை அல்ல. ஆனால் 44ஏடி என்ற சுலப வழி கமிஷன், தரகு வாங்குகிறவர்களுக்குக் கிடையாது என்று சட்டமே சொல்கிறது. இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் ஐடிஆர்-4 போட்டுக்கொடுக்கும் பிரவுசிங் சென்டர்கள் உண்டு. பின்னால் மாட்டிக்கொள்வது ஏலக்காரர். அவர் ஒழுங்காகக் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும், வரவு செலவு கழித்து லாபம் காட்ட வேண்டும்.

இதோடு தொட்டதுதான் கரையில் அடிக்கடி நடக்கும் இன்னொரு சங்கடம். கம்பெனி ஆள் வந்து ஆதார் நகல் கேட்கிறார், ஒரு வவுச்சரில் கையெழுத்துக் கேட்கிறார். “நான் மீன் வித்தேன், நீ எதுக்கு என் ஆதார கேக்கற?” என்று சண்டை வரும். காரணம் இருக்கிறது.

ஒரு வியாபாரி ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்துச் சரக்கு வாங்கினால் அந்தச் செலவை வரிக் கணக்கில் ஏற்கமாட்டார்கள். 2017-க்கு முன் அந்த எல்லை 20,000. ஆனால் மீனுக்கு ஒரு விலக்கு வைத்தார்கள். பிடித்தவரிடமே நேரடியாக வாங்கினால் எவ்வளவு ரொக்கமும் கொடுக்கலாம். 1962-ஆம் ஆண்டு விதிகளில் இதற்கு 6டிடி என்று எண். அப்புறம் ‘பிடித்தவர்’ என்றால் யார் என்று சந்தேகம் வந்தது. 2008 டிசம்பர் 5-இல் மத்திய நேரடி வரிகள் வாரியம் 10/2008 என்ற சுற்றறிக்கையில் விளக்கம் சொன்னது. மீன் என்றால் இறால், நண்டு, கணவாய் எல்லாம் அடக்கம். பிடித்தவர் என்றால் மீனவர் மட்டுமல்ல, மீனவர்கள் கடலிலிருந்து கொண்டுவரும் சரக்கைக் கடற்கரையிலேயே தரம் பிரித்து வியாபாரிக்கு விற்கும் மீனவர் தலைவரும் அதில் சேர்வார். வெறும் வியாபாரி, தரகர், இடைத்தரகர் சேரமாட்டார்கள்.

டில்லியில் உட்கார்ந்து ஒரு அதிகாரி கரையில் சரக்குப் பிரிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பதே ஆச்சரியம்தான். (கடற்கரை என்று எழுதியவர் ஏரிக்கரையை மறந்துவிட்டார். ஏரியில் பிடித்த மீனவரே நேரில் விற்றால் அவர்தான் ‘பிடித்தவர்’ என்பதால் சிக்கல் இல்லை.) ஆக, கம்பெனி ஆள் கையெழுத்துக் கேட்பது, தான் மீனவரிடமே வாங்கினேன் என்று காட்டுவதற்கு. கொடுக்கலாம். ஆனால் வவுச்சரில் எழுதியிருக்கும் தொகை உண்மையில் கைக்கு வந்த தொகையா என்று படித்துப் பார்த்துவிட்டுப் போட வேண்டும். எழுதாத வவுச்சரில் கையெழுத்தே கூடாது. நகலில் ‘மீன் விற்பனைக்காக மட்டும்’ என்று எழுதித் தேதி போட்டுக் கொடுப்பது நல்லது. அந்தக் காகிதத்தைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் நாளைக்கு விற்பனைக்கு அதுவே சாட்சி.

முன்பணம்

எல்லாவற்றிலும் கவனமாக இருக்க வேண்டியது இது. எஞ்சின் வாங்க, வலை வாங்க வியாபாரி ஒரு லட்சம், இரண்டு லட்சம் கொடுப்பார். அது தீரும் வரை சரக்கு அவருக்குத்தான் போக வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். இந்த ஏற்பாட்டின் நல்லது கெட்டது கரையில் எல்லோருக்கும் தெரிந்ததே. தெரியாதது வரிச் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பது.

20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அபராதம் கடன் கொடுத்தவருக்கு அல்ல, வாங்கியவருக்கு! திருப்பிக் கொடுக்கும்போதும் ரொக்கமாகக் கொடுத்தால் அபராதம் மறுபடியும் திருப்பிக் கொடுத்தவருக்கே. இரண்டு பக்கமும் அடி மீனவருக்கு. கொடுப்பவரும் வாங்குபவரும் விவசாய வருமானம் மட்டுமே உள்ளவர்களாக இருந்தால் விலக்கு உண்டு. மீனவருக்கு அதுவும் இல்லை. நியாயமான காரணம் காட்டினால் அபராதம் விடப்படலாம், சரக்குக்கான முன்பணம் கடன் ஆகாது என்று வாதாடவும் இடம் உண்டு. ஆனால் வாதாடும் நிலைமைக்கு ஏன் போக வேண்டும்? “அண்ணே, பேங்க்குல போட்டுடுங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்தப் பணம் வருமானம் இல்லை, முன்பணம் என்பதற்கும் அதுவே ஆதாரம்.

இதேபோல இன்னொரு எல்லை: ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. இறால் நன்றாகப் பட்ட நாளில் சரக்கு மொத்தமாக ஒரே கம்பெனிக்குப் போகும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

ஆயிரம் ரூபாய் போய்விடுமா?

பெண்கள் தாக்கலுக்குத் தயங்குவதற்கு உண்மையான காரணம் வேறு. 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் 1,000 ரூபாய் வருகிற கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. படிவம் போட்டால் அது நின்றுவிடும் என்ற பயம். பயத்தில் பாதி உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் விதி. அதற்கு மேல் ஈட்டி வருமான வரி கட்டுகிறவர் வீட்டில் இருந்தாலும் தகுதி இல்லை. ஆகவே படிவம் போடுவதால் மட்டும் நின்றுவிடாது. ஆனால் படிவத்தில் காட்டும் தொகை நாளைக்கு உங்கள் வருமானம் என்று பேசும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சாலை விபத்தில் வீட்டில் சம்பாதிப்பவர் போய்விட்டால் நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் முதலில் கேட்பது, “என்ன வருமானம்?” என்பதுதான். வருஷா வருஷம் தாக்கல் செய்த படிவம் இருந்தால் அதை வைத்து நஷ்டஈடு கணக்கிடுவார்கள். ஒன்றும் இல்லையென்றால் கூலிக்காரர் கணக்கில் ஏதோ ஒரு தொகை. பேங்க் கடனுக்கும் கேட்பது இதே காகிதம்தான். மாதம் 1,000 ரூபாய் என்பது வருஷத்துக்கு 12,000. அந்த வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. எது முக்கியம் என்பதை அந்தந்த வீடுதான் எடைபோட வேண்டும். ஆனால் வருமானத்தைக் குறைத்துக் காட்டி இரண்டையும் பிடித்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கக் கூடாது. பேங்க் கணக்கு ஏற்கெனவே துறையிடம் இருக்கிறது.

நோட்டீஸ் யாருக்குப் போகிறது?

பான் கார்டு எடுத்தபோதும் வரித்துறை இணையதளத்தில் பதிவு செய்தபோதும் எந்த மின்னஞ்சல், எந்த போன் நம்பர் கொடுத்தீர்கள்? பொன்னேரியிலோ பழவேற்காட்டிலோ பிரவுசிங் சென்டர் தம்பி தன்னுடைய மின்னஞ்சலையே போட்டிருப்பான். அவன் நல்லவன்தான், நூறு பேருக்கு அப்படிச் செய்திருப்பான். இப்போது நோட்டீஸ் தபாலில் வருவதைவிட மின்னஞ்சலிலும் இணையதளத்திலும் வருவதுதான் வழக்கம். அவன் பார்க்கவில்லையென்றால் உங்களுக்குத் தெரியாது. கெடு முடியும். பதில் இல்லாததால் அதிகாரி தன் கையிலிருக்கும் தகவலை வைத்து முடிவு செய்வார். அக்காவின் 31 லட்சமும் ‘விளக்கம் தரப்படாத பணம்’ ஆகிவிடும். அதற்குச் சாதாரண வரி விகிதம் அல்ல, தனியான, மிகக் கடுமையான விகிதம். பூஜ்ய வரியில் முடிய வேண்டிய கணக்கு வீட்டை விற்றாலும் கட்ட முடியாத பாக்கியாக மாறுவது இந்த ஒரு இடத்தில்தான். அப்படி உத்தரவு வந்துவிட்டாலும் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் உத்தரவு வந்ததே தெரிய வேண்டுமே! இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை, அந்த மின்னஞ்சலையும் நம்பரையும் சொந்தமாக மாற்றிக்கொள்வது.

வந்த செய்தி உண்மையா என்பதையும் பார்க்க வேண்டும். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் நோட்டீஸ்களுக்கு ஆவண அடையாள எண் உண்டு. அந்த எண்ணை வரித்துறை இணையதளத்தில் அடித்தால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். உள்ளே நுழைய பாஸ்வேர்டுகூட வேண்டாம். லிங்க்கை அழுத்தச் சொல்லி, உடனே பணம் கட்டச் சொல்லி வருவது திருட்டுச் செய்தி. “நான் ஆபீஸில் பேசி முடித்துத் தருகிறேன்” என்று வரும் ஆளுக்கும் வேலை இல்லை. இப்போது மதிப்பீடு பெரும்பாலும் முகம் பார்க்காமல் இணையத்தில்தான் நடக்கிறது. உங்கள் கோப்பு எந்த ஊர் அதிகாரியிடம் இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, அந்த ஆளுக்கும் தெரியாது. இணையதளத்தில் சந்தேகம் என்றால் 1800 103 0025 என்ற இலவச எண் இருக்கிறது. வக்கீல் வேண்டியிருந்து கையில் காசு இல்லையென்றால், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டு சட்டம் சொல்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

அக்காவுக்கு வருவோம். அவருடைய பதில் நீளமாக இருக்க வேண்டியதில்லை. நண்டு வாங்கி விற்கும் தொழில் செய்கிறேன். ஆண்டு விற்பனை 34 லட்சம். அதில் 31 லட்சம் பேங்க்கில் போட்டு, மறுநாள் கொள்முதலுக்கே எடுத்தேன். போட்ட மறுநாளே எடுத்திருப்பது கணக்கைப் பார்த்தால் தெரியும். கம்பெனி கொடுத்த வவுச்சர்களின் நகல் இத்துடன். லாபம் 8 சதவீதக் கணக்கில் இவ்வளவு, வரி இல்லை. இதோடு தாக்கல் செய்த படிவத்தின் நகலும் இருந்தால் நல்லது. பேங்க் சொன்ன தொகையிலேயே தப்பு இருந்தால், இணையதளத்தில் உள்ள வருடாந்தரத் தகவல் அறிக்கையில் அந்த வரிக்கு எதிரே ‘இந்தத் தகவல் சரியல்ல’ என்று பதிவு செய்யவும் வசதி இருக்கிறது.

தங்கை மகன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஏற்றுகிறான். கடைசியில் திரையில் ஒரு ஒப்புகை எண் வருகிறது. அக்கா இடுப்பில் செருகியிருந்த நோட்டை எடுத்து நீட்டுகிறார். ஏலக் கணக்கு எழுதிய பக்கங்களைத் தள்ளிவிட்டு, “கடைசிப் பக்கத்துல எழுதுடா, நனையாம இருக்கும்” என்கிறார். அதற்குள் வெளியே படகுச் சத்தம் கேட்கிறது.